மீன்பாடு வேறு, மீன் இருப்பு வேறு

கரைக்கு வந்து சேரும் மீன், மீன்பாடு. தண்ணீருக்குள் உயிரோடு இருப்பது மீன் இருப்பு. முதலாவதைத் தராசில் நிறுத்துவிடலாம். இரண்டாவதை நேரில் எண்ண வழியில்லை, கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும். மீன்வளத் துறையில் புழங்கும் சொற்களில் பெரும்பாலானவை, முதலாவதை வைத்து இரண்டாவதை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்வியிலிருந்து பிறந்தவை. "மீன்பாடு கூடியிருக்கிறது, ஆகவே கடலில் மீன் கூடியிருக்கிறது" என்று எழுதும்போது இந்த இரண்டும் குழம்பிவிடுகின்றன. மீன்பாடு கூடியதற்குப் படகு கூடியதும் காரணமாக இருக்கலாம், வலை நீண்டதும் காரணமாக இருக்கலாம். அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படும் சொற்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் இருப்பு என்ற சொல்லையே பார்ப்போம். துறைக்குள் எல்லோரும் ஸ்டாக் என்றுதான் சொல்வார்கள். ஒரே இனம் என்பதற்காக ஒரே ஸ்டாக் ஆகிவிடாது. தங்களுக்குள் இனம்பெருக்கி, ஏறத்தாழ ஒரே வேகத்தில் வளர்ந்து, ஒரே அளவு சாவுக்கு ஆளாகி, பக்கத்துக் கூட்டத்தோடு பெரிதாகக் கலக்காத கூட்டம்தான் ஒரு ஸ்டாக். இதைப் பிரிக்க மரபணு, செவிக்கல்லில் (மீனின் காதுக்குள் இருக்கும் சிறு கல்) படிந்த வேதிப்பொருள்கள், குறி மாட்டிவிட்ட மீன் மறுபடி எங்கே அகப்படுகிறது, உடலில் என்ன ஒட்டுண்ணி இருக்கிறது என்று பல வழிகளில் பார்ப்பார்கள். இரண்டு ஸ்டாக்கை ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் போட்டால், வலுவான கூட்டத்தின் மீன்பாடு மெலிந்த கூட்டத்தின் சரிவை மறைத்துவிடும். மொத்த எண் நன்றாகத் தெரியும்போதே ஒரு கூட்டம் காலியாகிக்கொண்டிருக்கும்.

ஸ்டாக்கில் உள்ள எல்லா மீன்களின் எடையையும் கூட்டினால் உயிர்த்திரள். முட்டையிடும் பருவத்தை எட்டியவற்றை மட்டும் கூட்டினால் முட்டையிடும் திரள். குஞ்சுகள் ஏராளமாக இருந்து பெரிய மீன் அற்றுப்போன கடலில் முதல் எண் தெம்பு கொடுக்கும், இரண்டாவது எண் பயமுறுத்தும். நான் எப்போதும் இரண்டாவதைத்தான் முதலில் தேடுவேன்.

நீளம்: எங்கிருந்து எங்கே?

மூடிய வாயின் நுனியிலிருந்து வால் துடுப்பின் கடைசி நுனி வரை அளந்தால் முழு நீளம். வாலின் கவட்டு வரை அளந்தால் கவட்டு நீளம். வால் துடுப்பு தொடங்கும் இடத்தோடு நிறுத்திக்கொண்டால் திட்ட நீளம். சூரை போல வால் விறைப்பாகப் பிளந்திருக்கும் மீன்களுக்குக் கவட்டு நீளம் ஏற்றது, ஏனென்றால் வால் நுனி ஒடிந்திருந்தாலும் அளவு கெடாது. வாள்மீனுக்குக் கீழ்த்தாடை நுனியிலிருந்து கவட்டு வரை. இறாலுக்குத் தலையோட்டின் நீளம், நண்டுக்கு ஓட்டின் அகலம், கணவாய்க்கு முதுகுப் பக்கத்துப் போர்வையின் (உடலை மூடிய பை) நீளம், திருக்கைக்கு உடல் தட்டின் அகலம்.

அளக்கும் பலகையில் மீனை வலப்பக்கமாகக் கிடத்தி, தலை இடக்கைப் பக்கம் இருக்க, வாயை மூடி, மூக்கு நுனியைத் தடுப்புக் கட்டையில் மெல்ல முட்டவைத்து, உடலை நேராக்கிவிட்டுப் படிக்க வேண்டும். தையல்காரர் டேப்பை மீனின் வயிற்று வளைவின் மேல் போட்டு அளந்தால் நீளம் கூடிவிடும். கொழுத்த மீனில் இன்னும் கூடும். ஒரு செ.மீ. இடைவெளியில் பதிவதானால் 23.9 செ.மீ. மீனும் 23ஆம் வகுப்பில்தான் விழ வேண்டும். பிறகு கணக்குப் போடும்போது அந்த வகுப்பின் நடுப்புள்ளியான 23.5ஐ எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் கீழ்ப்பக்கமாகவும் இன்னொருவர் கிட்டிய முழு எண்ணுக்கும் பதிந்தால், இருவர் தரவுக்கும் நடுவே அரை செ.மீ. வித்தியாசம் தானாக முளைக்கும். அதை மீன் வளர்ந்துவிட்டதாக யாரோ படித்துவிடுவார்கள். எந்த நீளம் என்று குறிக்காத அளவுகளை நான் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

மாதிரி எடுப்பதிலும் சிக்கல் உண்டு. கூடையில் கைவிட்டால் கை பெரிய மீனைத்தான் நாடும். அதனால் கூடையின் ஒரு பகுதியை அப்படியே கவிழ்த்து, அதில் விழுந்த எல்லாவற்றையும் விடாமல் அளக்க வேண்டும். பெரியது, நடுத்தரம், பொடி என்று தரம் பிரித்திருந்தால் ஒவ்வொரு தரத்திலும் தனித்தனி மாதிரி எடுக்க வேண்டும். 600 கிலோ மீன்பாட்டில் 12 கிலோ மாதிரி எடுத்தால் பெருக்கு எண் 50. மாதிரியில் 23 செ.மீ. மீன் 8 இருந்தால் மொத்தத்தில் 400 என்று பொருள். பொடி மீனின் பெருக்கு எண்ணை மறந்துவிட்டுப் பெரிய மீனின் எண்ணை எல்லாவற்றுக்கும் போட்டுவிடுவது அடிக்கடி நேரும் பிழை.

நீளத்துக்கும் எடைக்கும் உள்ள உறவு நேர்க்கோடு அல்ல. உடல் வடிவம் மாறாமல் நீளம் இரட்டித்தால் எடை எட்டு மடங்காகும். இந்த உறவின் அடுக்கு எண் பெரும்பாலான மீன்களில் 3ஐ ஒட்டியே வரும், ஏறக்குறைய 2.5க்கும் 3.5க்கும் நடுவில். இதிலிருந்து வருவதுதான் உடல்நிலைக் காரணி: கிராமில் உள்ள எடையை 100ஆல் பெருக்கி, செ.மீ. நீளத்தின் கனத்தால் வகுக்க வேண்டும். 20 செ.மீ. மீன் 80 கிராம் இருந்தால் 1.0. இந்த எண்ணை ஒரே இனத்துக்குள், ஒரே பருவத்தில் ஒப்பிடலாம். விலாங்கையும் வாவலையும் இதை வைத்து ஒப்பிடுவது அர்த்தமில்லாதது. உடல் வாகே வேறு. சினை நிறைந்த மீனின் காரணி கூடி, முட்டையிட்டதும் விழும். அந்த வீழ்ச்சியைப் பார்த்து இரை இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

வயதைக் காட்டும் கல்

மீனின் உள்காதில் மூன்று இணைக் கற்கள் இருக்கின்றன. அவைதான் செவிக்கற்கள். சமநிலைக்கும் கேட்பதற்கும் உதவும் இவை கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. உயிரோடு இருக்கும் வரை மேலே மேலே படலம் ஏறிக்கொண்டே போகும், ஏறிய படலம் கரையாது. செதிலை வைத்தும் வயது பார்ப்பார்கள், ஆனால் பட்டினி கிடந்தால் செதிலின் ஓரம் அரிபடலாம். செவிக்கல்லுக்கு அந்தக் குறை இல்லை. வேகமாக வளரும் பருவத்தில் ஒளிபுகாப் பட்டையும், வளர்ச்சி மந்தமான பருவத்தில் ஒளி ஊடுருவும் பட்டையும் மாறி மாறி வரும். ஒரு ஜோடி, ஓர் ஆண்டு.

எடுக்கும் முறை: தலையின் மேற்புறத்தைக் கண்ணுக்குச் சற்று மேலே கிடைமட்டமாகச் சீவி, மூளையை ஒதுக்கினால், பின்மூளைக்குக் கீழே இருபுறமும் உள்ள குழிகளில் கற்கள் வெள்ளையாகத் தெரியும். மெல்லிய இடுக்கியால் எடுத்து, ஒட்டியிருக்கும் சவ்வைத் துடைத்து, காயவைத்து, காகித உறையிலோ சிறு குப்பியிலோ உலர்வாக வைக்க வேண்டும். ஃபார்மலினில் போடவே கூடாது. அது நாள்பட அமிலமாகிக் கல்லைக் கரைத்துவிடும். மீனை முழுதாக ஃபார்மலினில் போட்டுவைத்தாலும் இதே கதிதான். கல் தடிமனாக இருந்தால் பிசினில் பதித்து, வைர விளிம்பு ரம்பத்தால் கல்லின் மையமான கருப்புள்ளியின் வழியாக அரை மி.மீ.க்குக் குறைவான சீவல் எடுக்க வேண்டும். வெட்டு கருப்புள்ளியைத் தவறவிட்டால் முதல் வளையம் தெரியாமல் போய் வயது ஒன்று குறைந்துவிடும். கெண்டை, கெளுத்தி வகைகளில் மற்ற மீன்களில் பெரிதாக இருக்கும் கல் ஊசிபோலச் சிறுத்திருக்கும், வேறு இணை பெரிதாக இருக்கும். இது தெரியாமல் தேடினால் கல்லே இல்லை என்று தோன்றும்.

வளையத்தை இருவர் தனித்தனியே எண்ண வேண்டும். மீனின் நீளம் இருவருக்கும் தெரியக் கூடாது. 50 செ.மீ. மீன் என்று தெரிந்துவிட்டால் கண் தானாகவே கூடுதல் வளையம் தேடும். வெப்பமண்டலக் கடலில் பருவ வேறுபாடு குறைவு என்பதால் ஆண்டு வளையம் மங்கலாக இருக்கலாம். அங்கே சின்ன மீன்களுக்குத் தினசரி வளையங்கள் கைகொடுக்கும். கல்லில் நாளுக்கு ஒரு நுண்வளையம் ஏறுவதை 1971இல் பன்னெல்லா என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். வயதான மீன்களில் இவை நெருங்கிப்போவதால், ஓராண்டுக்கு உட்பட்ட குஞ்சுகளுக்குத்தான் நம்பகமானவை.

வயது தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஆரஞ்ச் ரஃபி என்ற ஆழ்கடல் மீன் போதும். இது ஓரளவு வேகமாக வளரும் மீன் என்ற எண்ணத்தில் பெருமளவில் பிடித்தார்கள். செவிக்கற்களைச் சரியாகப் படித்த பிறகுதான் நூறு ஆண்டுகளைத் தாண்டி வாழும் மீன் என்றும், முதிர்ச்சியடையவே சுமார் முப்பது ஆண்டுகள் எடுக்கும் என்றும் தெளிவானது. அதற்குள் பல இடங்களில் கூட்டம் சரிந்துவிட்டது.

வளர்ச்சி, முதிர்ச்சி

வயதும் நீளமும் கிடைத்தால் வளர்ச்சிக் கோடு வரையலாம். பெர்ட்டாலன்ஃபி சமன்பாடுதான் எங்கும் பயன்படுவது. அதில் எல் முடிவிலி, கே என்ற இரண்டு அளவுகள் முக்கியம். எல் முடிவிலி என்பது அந்தக் கூட்டத்தின் மீன்கள் காலவரையின்றி வாழ்ந்தால் சராசரியாக எட்டும் நீளம். பிடிபட்டதிலேயே பெரிய மீனின் நீளம் அல்ல அது. சராசரியைத் தாண்டிய மீன்கள் எப்போதும் உண்டு. கே என்பதை வளர்ச்சி வேகம் என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். அது அந்த எல்லை நீளத்தை எவ்வளவு சீக்கிரம் நெருங்குகிறது என்பதைச் சொல்லும் எண். 20 செ.மீ.யோடு நின்றுவிடும் மத்திக்குக் கே அதிகம், பல மீட்டர் வளரும் சுறாவுக்குக் கே குறைவு. சென்டிமீட்டர் கணக்கில் ஓராண்டில் சுறா கூடுதலாகவே வளர்ந்திருக்கலாம்.

எண்ணில் பார்த்தால் எளிது. எல் முடிவிலி 60 செ.மீ., கே 0.5 என்று வைத்துக்கொள்வோம். ஒரு வயதில் 23.6 செ.மீ., இரண்டில் 37.9, மூன்றில் 46.6, நான்கில் 51.9. முதல் ஆண்டில் 23.6 செ.மீ. வளர்ந்த மீன் நான்காம் ஆண்டில் 5.3தான் வளர்கிறது. அதனால் 50 செ.மீ.யைத் தாண்டிய மீனின் வயதை நீளத்திலிருந்து ஊகிப்பது ஆபத்து. அந்த நீளத்தில் நான்கு வயதும் ஆறு வயதும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்.

முதிர்ச்சி நீளம் என்றால் அந்த நீளமுள்ள மீன்களில் பாதி சினைப் பருவத்தை எட்டியிருக்கும் நீளம். முதன்முதலில் சினையோடு அகப்பட்ட சிறிய மீனின் நீளத்தை இதற்குப் பதிலாகப் போடுவது பெரிய தவறு. அது விதிவிலக்கான மீன். சினை நிலையை முட்டையிடும் காலத்தில்தான் பார்க்க வேண்டும். மற்ற மாதங்களில் ஓய்வெடுக்கும் முதிர்ந்த மீனும் இன்னும் முதிராத மீனும் வெறும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். முட்டையிடும் காலத்தைக் கண்டுபிடிக்க மாதாமாதம் சினையின் எடையை உடல் எடையின் விழுக்காடாகக் கணக்கிட்டு வருவார்கள். எந்த மாதத்தில் உச்சத்துக்குப் போய் சட்டென்று இறங்குகிறதோ, அதை ஒட்டியது முட்டையிடும் காலம்.

கருவளம், அதாவது ஒரு பெண் மீன் இடும் முட்டைகளின் எண்ணிக்கை, முழுவதும் எண்ணி வருவதல்ல. சினை 40 கிராம், அதில் 0.2 கிராம் துண்டில் 300 முட்டை என்றால் மொத்தம் 60,000. துண்டைச் சினையின் முன், நடு, பின் மூன்று இடங்களிலிருந்தும் எடுத்தால் நல்லது. வெப்பக் கடல் மீன்கள் பல, ஒரே பருவத்தில் தவணை தவணையாக முட்டையிடும். அவற்றுக்கு ஒரு தவணையின் எண்ணிக்கையை ஆண்டு முழுவதுக்குமான எண்ணிக்கையாக எழுதினால் கணக்கு படுத்துவிடும்.

பால் மாறும் மீன்களை மறந்துவிடக் கூடாது. கொடுவா முதலில் ஆணாக இருந்து பிறகு பெண்ணாகும். களவாவில் பல இனங்கள் முதலில் பெண், பிறகு ஆண். பெரிய களவாக்களை மட்டும் தேடிப் பிடிக்கும் இடத்தில் ஆண் பஞ்சம் வரும். பெரிய கொடுவாக்களைத் துடைத்தெடுத்தால் முட்டையே இல்லாமல் போகும்.

சாவுக் கணக்கு

இந்தத் துறையில் மிக அதிகமாகத் தவறாகப் படிக்கப்படும் எண்கள் இவைதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். மீன்பிடிப்பால் வரும் சாவு வீதம் எஃப். இரையாவது, நோய், முதுமை என்று மற்ற எல்லாக் காரணங்களாலும் வரும் இயற்கைச் சாவு வீதம் எம். இரண்டையும் கூட்டினால் மொத்தச் சாவு வீதம், இசட். இவை விழுக்காடு அல்ல. ஒவ்வொரு கணமும் நடக்கும் சாவின் வீதத்தை ஆண்டுக் கணக்கில் சொல்வது.

ஆண்டுத் தொடக்கத்தில் 1,000 மீன் இருக்கிறது, எம் 0.4, எஃப் 0.6 என்று வைப்போம். இசட் 1.0. அப்படியென்றால் எல்லாம் செத்துவிடும் என்று பொருளில்லை. ஆண்டு முடிவில் 368 மிஞ்சும், 632 சாகும். அந்த 632ஐ எஃபுக்கும் எம்முக்கும் உள்ள விகிதத்தில் பிரித்தால் வலையில் 379, இயற்கையில் 253. எஃப் 0.6 என்பதால் 60 விழுக்காடு பிடிபட்டது என்று எழுதினால் தவறு. பிடிபட்டது 38 விழுக்காட்டுக்கும் குறைவு. எஃப் ஒன்றைத் தாண்டலாம், இரண்டைக்கூடத் தொடலாம்.

மீன்பிடிப்பே இல்லாதிருந்தால் இயற்கையில் 330 செத்திருக்கும். இப்போது 253. மிச்சம் 77 மீனை, இயற்கை எடுக்கும் முன் வலை எடுத்துக்கொண்டது. வீதங்களை நேரடியாகக் கூட்ட முடிவதும் விழுக்காடுகளைக் கூட்ட முடியாததும் இதனால்தான்.

இசட்டைக் கண்டுபிடிக்கும் எளிய வழி, மீன்பாட்டில் ஒவ்வொரு வயதிலும் எத்தனை மீன் என்று பார்ப்பது. மூன்று வயதில் 1,000, நான்கில் 368, ஐந்தில் 135 என்று குறைந்தால் இசட் 1.0. வலையில் முழுமையாக அகப்படும் வயதிலிருந்துதான் இதைத் தொடங்க வேண்டும். சின்ன மீன் வலைக்கண்ணி வழியே தப்பிப்பதால், அந்த வயதைச் சேர்த்தால் சாவு குறைவாகத் தெரியும். எம்மைக் காண்பதுதான் கடினம். வளர்ச்சி அளவுகளையும் நீரின் வெப்பத்தையும் வைத்துத் தோராயமாகக் கணிப்பதற்கான சூத்திரத்தை 1980இல் மீன்வள ஆய்வாளர் டேனியல் பாலி கொடுத்தார். இன்றும் பல அறிக்கைகளில் எம் அப்படி வந்த எண்தான். அதைத் துல்லியமான அளவீடாக நினைத்து இரண்டாம் தசமம் வரை வாதாடுவது வீண்.

புதுவரவும் அதிகப்படியான பிடிப்பும்

வலையில் அகப்படும் அளவுக்கு வளர்ந்து, பிடிபடக்கூடிய கூட்டத்தில் புதிதாகச் சேரும் இளம் மீன்கள் புதுவரவு. முட்டை எண்ணிக்கைக்கும் புதுவரவுக்கும் நேரடி விகிதம் கிடையாது. லட்சக்கணக்கான முட்டையில் மிஞ்சுவது ஒன்றிரண்டு என்பதால், சாவு வீதத்தில் சின்ன மாற்றமே புதுவரவைப் பல மடங்கு ஏற்றி இறக்கும். நார்வேயின் மீன்வள ஆய்வாளர் யோஹான் யோர்ட் 1914இல் இதைத்தான் எழுதினார்: 1904இல் பிறந்த ஹெர்ரிங் கூட்டம் ஒன்று மட்டுமே பல ஆண்டுகளுக்கு அந்தக் கடலின் மீன்பாட்டை ஆண்டது. குஞ்சு தன் கருவுணவு தீர்ந்து முதல் இரை தேடும் அந்தச் சில நாட்களே அதன் தலைவிதியை முடிவுசெய்கின்றன என்பது அவர் கருத்து.

அதிகப்படியாகப் பிடிப்பது என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு நோய்கள் இருக்கின்றன. முதலாவது, வளரவிடாமல் பிடிப்பது. 15 செ.மீ., 40 கிராம் உள்ள 1,000 மீனை இன்று பிடித்தால் 40 கிலோ. ஓராண்டு விட்டுவைத்தால், எம் 0.4 என்றால், 670 மீன் மிஞ்சும். அவை 25 செ.மீ.க்கு வளர்ந்து ஒவ்வொன்றும் சுமார் 185 கிராம் ஆகியிருந்தால் 124 கிலோ. சாவில் 330 மீனை இழந்தும் எடை மூன்று மடங்கு. இது பணநட்டம், ஆனால் கூட்டம் பிழைத்துக்கொள்ளும். இரண்டாவது, முட்டையிடும் திரளையே கரைப்பது. அப்போது புதுவரவே விழுந்துவிடும். முதல் நோயை வலைக்கண்ணியைப் பெரிதாக்கிச் சரிசெய்யலாம். இரண்டாவதற்கு எஃப் குறைந்தே ஆக வேண்டும்.

வலைக்கண்ணி பற்றி ஒரு வார்த்தை. இழுவலையில் தேர்வுத் தன்மை எஸ் வடிவக் கோடு: சின்னது தப்பும், ஒரு நீளத்தில் பாதி மாட்டும், அதைத் தாண்டியது எல்லாம் மாட்டும். செவுள் வலையில் மணி வடிவம்: மிகச் சின்னது நுழைந்து போகும், மிகப் பெரியது தலையே நுழையாமல் தப்பும். இழுவலையின் மடியில் சாய்சதுரக் கண்ணி இருந்தால், மீன் நிறைந்து பாரம் இழுக்கும்போது கண்ணிகள் நீட்டமாக மூடிக்கொள்ளும். சட்டப்படி அளவு சரியாக இருந்தும் குஞ்சு வெளியேற வழி இருக்காது. சதுரக் கண்ணி திறந்தே நிற்கும். கண்ணியை அளக்கும்போது வலை ஈரமாக இருக்க வேண்டும், ஆப்பு வடிவ அளவுகோலைச் செருகி இழுத்த நிலையில் படிக்க வேண்டும், பல கண்ணிகளை அளந்து சராசரி எடுக்க வேண்டும். மீனுக்குக் குறைந்தபட்ச நீளம் 20 செ.மீ. என்று விதித்துவிட்டு, 12 செ.மீ. மீனைப் பிடிக்கும் கண்ணியை அனுமதித்தால், நடுவில் உள்ளதெல்லாம் செத்துக் கடலில்தான் வீசப்படும்.

அப்படி வீசுவது கழிப்பு. குறிவைக்காமல் சேர்ந்து வருவது உடன்பிடிப்பு. உடன்பிடிப்பில் ஒரு பங்கு கரைக்கும் வரும், விற்கவும் படும். அதனால் இரண்டும் ஒன்றல்ல. கரையிறங்கிய எடையை மொத்தப் பிடிப்பாக எழுதினால், கழித்தது கணக்கிலிருந்து மறைந்து எஃப் குறைவாகத் தெரியும்.

முயற்சிக்கேற்ற பிடிப்பு

பிடித்த எடையை, பிடிக்கச் செய்த முயற்சியால் வகுப்பது. 10 மணிநேரம் இழுவலை இழுத்து 400 கிலோ என்றால் மணிக்கு 40 கிலோ. தூண்டிலுக்கு ஆயிரம் கொக்கிக்கு எத்தனை மீன், செவுள் வலைக்கு வலை நீளமும் அது தண்ணீரில் கிடந்த நேரமும். இந்த எண் விழுந்தால் இருப்பு குறைகிறது, நிலைத்தால் இருப்பு நிலைக்கிறது என்பது எதிர்பார்ப்பு. நடைமுறையில் அது பொய்க்க இரண்டு காரணங்கள் உண்டு. முயற்சி கண்ணுக்குத் தெரியாமல் ஏறும்: மணிநேரம் அதேதான், ஆனால் எஞ்சின் குதிரைத்திறன் கூடியிருக்கும், ஒலியலையால் மீனைக் கண்டறியும் எக்கோ சவுண்டர், ஜிபிஎஸ் வந்திருக்கும். இன்னொன்று, கூட்டமாகத் திரளும் மீனின் இயல்பு. எண்ணிக்கை குறைந்தாலும் எஞ்சியவை ஒன்றாகவே சேர்ந்து நிற்கும். படகு அந்த இடத்தைத் தேடிப் போகும். கடைசிக் கூட்டம் வரை மணிக்கு 40 கிலோ வந்துகொண்டே இருக்கும்.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இருந்த காட் மீனுக்கு நடந்தது இது. 1980களில் வணிகப் படகுகளின் பிடிப்பு வீதம் திடமாகத் தெரிந்தது. ஒரே வலையை, ஒரே வேகத்தில், முன்கூட்டியே குலுக்கலில் தேர்ந்த இடங்களில் இழுத்த ஆய்வுக் கப்பல்களின் எண்கள் வேறு கதை சொன்னன. வணிகப் படகு மீன் இருக்கும் இடத்துக்குப் போகிறது. ஆய்வுக் கப்பல் மீன் இல்லாத இடத்திலும் இழுக்கிறது. இருப்பைச் சொல்ல இரண்டாவதுதான் தகுதியானது. 1992 ஜூலையில் அந்த மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டி வந்தது.

உச்ச நிலைப்பேற்று விளைச்சல்

எம்.எஸ்.ஒய். என்று எல்லா அறிக்கையிலும் வரும். காலங்காலமாகத் தொடர்ந்து எடுக்கக்கூடிய அதிகபட்ச விளைச்சல். 1954இல் ஷேஃபர் என்ற ஆய்வாளர் அமைத்த எளிய கணக்கில், மீன்பிடிப்பே இல்லாத காலத்து இருப்பில் பாதி இருக்கும்போது கூட்டம் அதிகமாகப் பெருகும். பிடிபடாத இருப்பு 1,00,000 டன், பெருக்க வீதம் 0.4 என்றால், இருப்பு 50,000 டன்னாக இருக்கும்போது ஆண்டுக்கு 10,000 டன் உபரியாக விளையும். அதுதான் எம்.எஸ்.ஒய்.

இதை "ஆண்டுதோறும் 10,000 டன் பிடிக்கலாம்" என்று படித்தால் என்ன நடக்கும்? ஏதோ காரணத்தால் இருப்பு 30,000 டன்னுக்கு இறங்கியிருக்கிறது என்று வைப்போம். அந்த நிலையில் ஆண்டு விளைச்சல் 8,400 டன்தான். 10,000 எடுத்தால் அடுத்த ஆண்டு இருப்பு 28,400. பிறகு 26,500, 24,300, 21,700, 18,500, 14,500, 9,500. எட்டாம் ஆண்டு முடிவில் மிஞ்சுவது 3,000 டன்னுக்கும் குறைவு. முதல் நான்கைந்து ஆண்டுகள் மீன்பாட்டில் ஒரு மாற்றமும் தெரியாது, ஏனென்றால் பிடிப்பு அதே 10,000. அதே 30,000 டன் நிலையில், இருப்பில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் என்று வைத்திருந்தால் பிடிப்பு 6,000, விளைச்சல் 8,400, அடுத்த ஆண்டு 32,400 என்று கூட்டம் மீளத் தொடங்கும். எம்.எஸ்.ஒய்.யை டன்னாகப் படிக்காமல் பங்காகப் படிக்க வேண்டும் என்று நான் விடாமல் சொல்வது இந்தக் கணக்கினால்தான்.

அந்தப் பெருக்க வீதமும் நிலையானதல்ல. பெரு நாட்டுக் கடலின் நெத்திலி இனம் 1970இல் ஒரு கோடி இருபது லட்சம் டன்னுக்கு மேல் பிடிபட்டது. 1972இல் எல் நினோ (பசிபிக் கடல்நீர் சூடேறும் நிகழ்வு) வந்து குளிர்நீர் மேலேறுவது தளர்ந்ததும் மீன்பாடு சரிந்து விழுந்தது. 1982இன் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையும் எம்.எஸ்.ஒய்.யைத் தனியாகச் சொல்லவில்லை, சூழல், பொருளாதாரக் காரணிகளோடு சேர்த்தே சொல்கிறது.

கட்டுப்பாட்டுச் சொற்கள்

எத்தனை படகு, எத்தனை நாள், என்ன வலை என்று கட்டுப்படுத்துவது உள்ளீட்டுக் கட்டுப்பாடு. எத்தனை டன் என்பது வெளியீட்டுக் கட்டுப்பாடு. அந்த டன் மொத்த அனுமதிப் பிடிப்பு. தடைக்காலமும் மூடிய பகுதியும் முதல் வகையைச் சேர்ந்தவை. தடைக்காலம் முட்டையிடும் மாதங்களோடு பொருந்தினால்தான் முழுப் பலன். தடை முடிந்த மறுநாளே எல்லாப் படகும் இரட்டிப்பாக உழைத்தால் ஆண்டு எஃப் குறையவே குறையாது.

மொத்த அளவை மட்டும் வைத்து, அதை யாருக்கும் பங்கிடாவிட்டால், முந்துபவருக்கே மீன் என்ற ஓட்டப்பந்தயம் தொடங்கிவிடும். அலாஸ்காவின் ஹாலிபட் மீன்பிடிப்பு அப்படிச் சுருங்கிச் சுருங்கி, ஆண்டுக்கு இரண்டு மூன்று நாள் மட்டும் திறக்கும் நிலைக்கு வந்தது. புயலென்றும் பாராமல் கிளம்பினார்கள். வந்த மீனெல்லாம் ஒரே நேரத்தில் குவிந்து உறைபதனத்துக்குப் போனது. 1995இல் தனிநபர் பங்கீடு வந்த பிறகு பருவம் மாதக்கணக்கில் நீண்டது. பங்கீட்டுக்கும் குறை உண்டு: பங்கை விற்கலாம் என்றால் நாளடைவில் சில கைகளில் போய்ச் சேரும், சிறிய மீனவர் வெளியேறுவார்.

கடைசியாக ஒரு ஜோடி. வரம்பு மீறிப் பிடிப்பது என்பது வீதம்: எஃப் எல்லையைத் தாண்டியிருக்கிறது. இருப்பு வரம்புக்குக் கீழே போய்விட்டது என்பது நிலை: முட்டையிடும் திரள் எல்லைக்குக் கீழே. ஒன்று இருந்து மற்றது இல்லாமலிருக்கலாம். செழிப்பான கூட்டத்தை இந்த ஆண்டு முதல் அளவுக்கு மீறிப் பிடிக்கத் தொடங்கினால், வீதம் கெட்டிருக்கும், நிலை இன்னும் கெட்டிருக்காது. மறுபக்கம், பிடிப்பை நிறுத்திய பிறகும் நிலை பல ஆண்டுகள் கெட்டே கிடக்கலாம். நியூஃபவுண்ட்லாந்து காட் மீனுக்கு 1992இல் எஃபைப் பெரும்பாலும் இறக்கிவிட்டார்கள். அந்தத் தடையை முறையாக விலக்கியது 2024இல்தான். நடுவில் கழிந்தவை 32 ஆண்டுகள்.